காசு சுண்டிப் பார்த்து எடுத்த படம்

விழித்திரையின் நடுவில் இருக்கும் சின்னப் பகுதிக்கு மாகுலா என்று பெயர். எதிரில் நிற்பவர் முகம், புத்தகத்தின் எழுத்து, ஊசியின் காது எல்லாம் தெளிவாகத் தெரிவது இதனால்தான். வயதான காலத்தில் இது கெட்டுப்போவது மாகுலர் டீஜெனரேஷன். ஆள் வருவது தெரியும், யார் என்று தெரியாது!

1851-ல் ஹெல்ம்ஹோல்ட்ஸ் உருவாக்கிய கருவியால் டாக்டர்கள் கண்ணுக்குள் பார்க்கத் தொடங்கினார்கள். மாகுலா வீங்கியிருப்பது தெரிந்தது. நீர் எங்கிருந்து கசிகிறது என்பது மட்டும் தெரியவில்லை.

அதற்கு வழி செய்தவர்கள் கண் டாக்டர்களே இல்லை என்பதுதான் வேடிக்கை. அமெரிக்காவின் இண்டியானா பல்கலைக்கழகத்தில் ஹெரால்ட் நோவோட்னி, டேவிட் ஆல்விஸ் என்று இரண்டு மருத்துவ மாணவர்கள். ஃப்ளூரசீன் என்ற சாயத்தைக் கை நரம்பில் ஏற்றினால் சில நொடிகளில் அது விழித்திரைக்குப் போய்விடும். நீல வெளிச்சம் பட்டால் பச்சையாக ஒளிரும். கேமராவில் சரியான ஃபில்டர்களைப் போட்டால் ரத்தம் ஓடுவதையே படம் பிடிக்கலாம். சரி, முதல் ஊசி யாருக்கு? காசு சுண்டிப் பார்த்தார்கள், தோற்றவர் ஆல்விஸ். (இந்தச் சாயம் ஏற்றினால் தோல் கொஞ்ச நேரம் மஞ்சளாகும், சிறுநீரும் நிறம் மாறும். பாவம்!)

கட்டுரையைக் கண் மருத்துவ இதழ் ஒன்று திருப்பி அனுப்பிவிட்டது. கடைசியில் 1961-ல் இதய, ரத்த ஓட்ட ஆராய்ச்சிகளை வெளியிடும் 'சர்குலேஷன்' இதழில் வந்தது. அடுத்த சில ஆண்டுகளில் மயாமியில் டொனால்ட் காஸ் இதே முறையை வைத்து மாகுலா நோய்களை ஒவ்வொன்றாகப் பிரித்துக் காட்டினார். விழித்திரைக்கு அடியில் புதிதாக முளைக்கும் ரத்தக் குழாய்கள்தான் கசிகின்றன என்பதைப் படத்திலேயே பார்க்க முடிந்தது. ஆனால் வைத்தியம்? லேசரால் சுட்டால் கசிவோடு விழித்திரையும் சேர்ந்து கருகியது. நோயைப் பார்க்க முடிந்தும் பெரிதாக ஒன்றும் செய்ய முடியாத காலம் அது.

1991-ல் அடுத்த கருவி வந்தது, ஓ.சி.டி. சாயமும் வேண்டாம், ஊசியும் வேண்டாம். திரும்பி வரும் ஒளியை அளந்து, விழித்திரையைக் குறுக்கே வெட்டிப் பார்த்ததுபோல அடுக்கடுக்காகக் காட்டும். அந்த ஆய்வுக் கட்டுரையில் முதல் பெயர் டேவிட் ஹுவாங். அவரும் அப்போது மாணவர்தான்!

2006-ல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற ரானிபிசுமாப் ஊசி கசிவை நிறுத்தியது. விலை, ஒரு ஊசிக்குச் சுமார் 2000 டாலர். மாதம் ஒன்று என்று இரண்டு வருடத்துக்கு 24 ஊசி. ஓ.சி.டி. படத்தில் நீர் தெரிகிறதா என்று பார்த்து, தேவைப்பட்டால் மட்டும் போட்டால் என்ன? மயாமியில் 40 பேரிடம் முயன்றார்கள். சிறிய ஆய்வுதான், ஒப்பிட வேறு குழுவும் இல்லை. ஆனால் 2009-ல் வெளிவந்த முடிவு கவனிக்க வேண்டியது: பார்வை தேறியது, ஊசி சராசரியாக 9.9. அதாவது ஒரு நோயாளிக்கு 14 ஊசி மிச்சம், ஏறத்தாழ 28,000 டாலர்.