வேட்டி கட்டினா பட்டிக்காடா?

போன மாசம் நடவு நடந்துகிட்டு இருந்தப்ப பையன் போன் பண்ணினான். காலேஜுல பெற்றோர் கூட்டமாம். எல்லாம் சொல்லிட்டு கடைசியில மெதுவா இழுத்தான்: "அப்பா, வேட்டியில வராதீங்கப்பா. பேண்ட் போட்டுட்டு வாங்க."

எனக்குக் கோபம் வரலை. ஆனா அன்னைக்குப் பூரா சேத்துல நின்னு இதையேதான் யோசிச்சேன். அதே வேட்டி மாப்பிள்ளை கட்டினா எடுப்பு, நான் கட்டினா பட்டிக்காடு. இதை யார் முடிவு பண்றாங்க?

எங்க காஞ்சிபுரத்துலயே பாருங்க. ஊரே பார்த்து வியக்கிற பட்டுப் புடவையை நெய்யிறவர் தறிக்குழியில உட்கார்ந்திருக்கிறது சாயம்போன லுங்கியில.

துணியோட கௌரவம் நூல்ல மட்டும் இல்லைங்க. திருவிதாங்கூர்ல தோள்சீலைக்காகப் பெரிய போராட்டமே நடந்தது. 1859-ல் ராஜா இறங்கிவந்து, நாடார் பெண்கள் மேலாடை போடலாம்னு அறிவிச்சார். ஆனா மேல்சாதிப் பெண்கள் போடுற மாதிரி போடக்கூடாதுன்னு ஒரு நிபந்தனை! துணியைக் கொடுத்தாங்க, பாணியைக் கொடுக்கலை. தமிழ்நாட்டு கிராமங்கள்லயும் பண்ணையாரைப் பார்த்தா கூலிக்காரர் தோள் துண்டை எடுத்து அக்குள்ல இடுக்கிக்கணும். அந்தத் துண்டு மறுபடி தோளுக்கு ஏறினதே ஒரு வரலாறு.

1921 செப்டம்பர் 22-ம் தேதி மதுரையில காந்தி, நம்ம ஏழை விவசாயி மாதிரி அரை வேட்டிக்கு மாறினார். பத்து வருஷம் கழிச்சு 1931-ல் லண்டன் அரண்மனையில ராஜாவைப் பார்க்கவும் அதே கோலத்துலதான் போனார். எங்க ஊர்ல 1909-ல் பிறந்த அண்ணாவும் உடையில பெரிசா அக்கறை காட்டாதவர். 1953-ல் கைத்தறித் துணி தேங்கி நெசவாளிங்க தவிச்சப்ப, அவரும் அவர் கட்சிக்காரங்களும் துணியைத் தோள்ல சுமந்து தெருத்தெருவா வித்தாங்க. 1967-ல் அவர் முதலமைச்சர் ஆனார்.

இவ்வளவும் ஆன பிறகு, 2014-ல் சென்னையில ஒரு கிரிக்கெட் கிளப்புக்கு வேட்டி கட்டிப் போன உயர் நீதிமன்ற நீதிபதியையே உள்ளே விடலை. நீதிபதிக்கே அந்த நிலைமை. அந்த வருஷமே, வேட்டியைக் காரணம் காட்டித் தடுத்தா ஒரு வருஷம் வரை சிறை, 25,000 ரூபாய் அபராதம்னு தமிழ்நாட்டுல சட்டம் வந்தது.

சட்டம் வாசலைத் திறக்கும். பையன் மனசைத் திறக்குமா? அதே சமயம் அவன் பக்கமும் ஒரு நியாயம் இருக்கு. வயல்ல மடிச்சுக் கட்டின நாலு முழத்தோட, சேத்துக் கறையோட நான் எத்தனை கல்யாணத்துக்குப் போயிருக்கேன்! வேட்டி எடுப்பா தெரிய விலை வேண்டாம். வடிகஞ்சி போட்டு, சொட்டு நீலம் விட்டு உலர்த்தணும். கீழ்விளிம்பு சமமா விழணும், கரை நேரா நிக்கணும். இதுக்கு வேண்டியது கொஞ்சம் பொறுமைதான்.

எட்டு முழத்தை அப்படியே தயார் பண்ணிக் கட்டிக்கிட்டு பஸ் ஏறினேன். காலேஜ் வாசல்லயே பையன் நின்னுகிட்டு இருந்தான். மேலயும் கீழயும் ஒரு பார்வை பார்த்தான். கூட்டாளிங்க எல்லாரும் பக்கத்துலதான் இருந்தாங்க.

"பஸ்ல வந்ததுல கரை கோணிப்போச்சுப்பா"ன்னு சொல்லிட்டு, குனிஞ்சு அவனே நேராக்கி விட்டான்.