மூளை மீண்ட பின் கண்ணையும் காப்போம்

மக்கள் பொதுவாக மூளைக் காய்ச்சல் என்று குறிப்பிடும் நோய்களுள் ஒன்று, ஹெர்பிஸ் சிம்ப்ளெக்ஸ் வைரஸால் உண்டாகும் மூளை அழற்சி. சிகிச்சை பெறாதவர்களில் பத்தில் ஏழு பேர் வரை இதனால் உயிரிழப்பர். அசைக்ளோவிர் என்னும் மருந்து அந்நிலையை வெகுவாக மாற்றியது. அம்மருந்தின் உருவாக்கத்தில் பெரும்பங்காற்றிய கெர்ட்ரூட் எலியான் 1988இல் நோபல் பரிசு பெற்றார்.

ஆனால், நோயாளி உயிர் பிழைத்து வீடு திரும்பினாலும் வைரஸ் உடலைவிட்டு முற்றிலும் நீங்குவதில்லை. நரம்பு மண்டலத்தில் அது உறங்கிக் கிடக்கிறது. விழித்திரையோ கருவளர்ச்சியில் மூளையிலிருந்தே கிளைத்த உறுப்பு. பார்வை நரம்பால் மூளையோடு பிணைக்கப்பட்டது. மீண்டும் விழித்தெழும் வைரஸ் நரம்புப் பாதை வழியே விழித்திரையை அடைந்து, அதன் திசுக்களை விரைந்து அழிக்கக்கூடும். இக்கடும் விழித்திரை அழிவு நோயை ஜப்பானிய மருத்துவர் உராயாமாவும் அவருடைய குழுவினரும் 1971இல் முதன்முதலாக விவரித்தனர். மூளை அழற்சிக்குப் பின் சில வாரங்களிலும் இது தோன்றலாம். பல ஆண்டுகள் கழித்தும் தோன்றலாம்.

கண் சிவத்தல், வலி, ஒளிக்கூச்சம், கரும்புள்ளிகள் மிதத்தல், பார்வை மங்கல் ஆகியவை இதன் அறிகுறிகள். 'மெட்ராஸ் ஐ' என்று எண்ணி மருந்துக் கடையில் சொட்டு மருந்து வாங்கிப் போட்டுக்கொண்டு காத்திருப்பது பேராபத்து. வைரஸ் எதிர்ப்பு மருந்தின்றி ஸ்டீராய்டு மட்டும் உட்கொண்டால் நோய் முற்றக்கூடும். தாமதித்தால் விழித்திரை பிரியலாம். மற்றொரு கண்ணும் பாதிக்கப்படலாம். உரிய நேரத்தில் தொடங்கும் சிகிச்சை அந்த இரண்டாவது கண்ணையேனும் காக்க வல்லது.

இன்னொரு சிக்கலும் உண்டு. மூளை அழற்சியிலிருந்து மீண்ட சிலருக்கு நினைவாற்றலும் பேச்சும் குன்றிவிடுகின்றன. கண் தெரியவில்லை என்று அவர்களால் சொல்ல இயலாது. பொருள்கள் மீது மோதுவதையும் தட்டில் உள்ள உணவைத் தேடுவதையும் குடும்பத்தினர்தாம் கவனிக்க வேண்டும்.

பொருளாதாரம் கற்பித்தவன் என்ற முறையில் நான் இதைச் செலவுக் கணக்காகவும் பார்க்கிறேன். பார்வை இழந்த ஒருவரின் வாழ்நாள் வருவாய் இழப்பும் அவரைப் பராமரிப்போரின் உழைப்பும் எந்த மருத்துவமனைக் கணக்கிலும் ஏறுவதில்லை. அவற்றோடு ஒப்பிட்டால், கண்மணியை விரிவாக்கிச் செய்யும் விழித்திரைப் பரிசோதனையின் செலவு மிகச் சிறிது. ஆகவே, மூளை அழற்சி நோயாளிக்கு மருத்துவமனை அளிக்கும் விடுவிப்புச் சுருக்கத்தில், 'கண்ணில் சிவப்போ மங்கலோ தோன்றினால் அன்றே கண் மருத்துவரை அணுகுக' என்ற ஒரு வரி இடம்பெற வேண்டும். கண் மருத்துவரிடம் செல்வோரும், எத்தனை ஆண்டுகள் ஆகியிருப்பினும், பழைய மூளைக் காய்ச்சலை மறவாமல் தெரிவிக்க வேண்டும்.