எந்தக் கேமரா வாங்கலாம், தோழர்?

பயிலரங்கு முடிந்து எல்லோரும் கிளம்பிய பிறகு இரண்டு மூன்று மாணவர்கள் தயங்கியபடி வந்து நிற்பார்கள். ஸ்காலர்ஷிப் பணத்தில் மிச்சம் பிடித்தது, அம்மா நூறுநாள் வேலைக் கூலியில் எடுத்துக் கொடுத்தது என்று கையில் கொஞ்சம் காசு இருக்கும். "குறும்படம் எடுக்கணும் தோழர். குறைஞ்ச விலையில நல்ல ஹெச்டி கேம்கார்டர் எது?" ஒரு மாடல் பெயரைச் சொல்லிவிட்டுப் போய்விடலாம். ஆறு மாதத்தில் அந்த மாடலே கடையில் இருக்காது. அதனால் நான் கதையைக் கொஞ்சம் பின்னாலிருந்து தொடங்குவது வழக்கம்.

1968 டிசம்பர் 25 இரவு கீழ்வெண்மணியில் ஒரே குடிசைக்குள் 44 பேர் எரித்துக் கொல்லப்பட்டார்கள். அதற்கு முந்தைய ஆண்டுதான் சோனி நிறுவனம், கேமராவைக் கையில் பிடித்து, பதிவுக் கருவியைத் தோளில் மாட்டி, ஒற்றை ஆளே தூக்கிப்போகும் கறுப்பு வெள்ளை வீடியோ கருவியை அமெரிக்கச் சந்தைக்குக் கொண்டுவந்திருந்தது. அது எங்கே, கீழத்தஞ்சைச் சேரி எங்கே! ஏறக்குறைய நாற்பது ஆண்டு கழித்து பாரதி கிருஷ்ணகுமார் 'ராமையாவின் குடிசை' ஆவணப்படத்தை எடுத்தபோது, உயிரோடு எஞ்சியிருந்தவர்களின் முகமும் குரலும்தான் ஆதாரம். முகத்தைவிடக் குரல் என்றே நான் சொல்வேன். அந்தப் பேச்சு தெளிவாகக் கேட்காமல் போயிருந்தால் படமே இல்லை.

கேமராவும் பதிவுக் கருவியும் ஒரே உடலாக, வீட்டுக்காரர் கைக்கு வந்தது 1983இல். சோனியின் பீட்டாமூவி. எடுத்ததைப் போட்டுப் பார்க்கும் வசதிகூட அதில் கிடையாது. 1985இல் வீடியோ 8 வந்து, சின்ன கேசட்டில் எல்லாம் அடங்கியது. அப்படியொரு வீடியோ 8 ஹேண்டிகேமில்தான் 1991 மார்ச் 3ஆம் தேதி, லாஸ் ஏஞ்சலஸில் ஜார்ஜ் ஹாலிடே என்பவர் தன் வீட்டு மாடி முகப்பில் நின்று, ராட்னி கிங் என்ற கறுப்பின இளைஞரைப் போலீசார் தடியால் அடிப்பதைப் பதிவு செய்தார். உலகமே பார்த்தது. ஆனால் நீதிமன்றத்தில் எதிர்த்தரப்பு வழக்கறிஞர்கள் அதே காட்சியை நொடி நொடியாக நிறுத்தி, மெதுவாக ஓட்டி, ஒவ்வொரு அடிக்கும் ஒரு நியாயம் சொன்னார்கள். 1992 ஏப்ரல் 29 அன்று யார் மீதும் தண்டனை வரவில்லை; நகரம் பற்றி எரிந்தது. கேமரா இருந்தால் நீதி கிடைத்துவிடும் என்று நம்புகிற தோழர்களுக்கு இந்தக் கதையை நான் விடாமல் சொல்வேன்.

நம் பக்கத்து மாநிலத்தில் நடந்தது இன்னும் நெருக்கமானது. அன்றைய மேடக் மாவட்டம், இன்றைய தெலங்கானாவின் சங்காரெட்டி மாவட்டம், ஜகீராபாத் பகுதி. தக்காண வளர்ச்சிச் சங்கத்தைச் சேர்ந்த தலித் பெண்கள், பெரும்பாலும் எழுதப் படிக்கத் தெரியாத விவசாயக் கூலிகள், 1990களின் பிற்பகுதியில் கேமரா பழகினார்கள். தூர்தர்ஷனில் தயாரிப்பாளராக இருந்த பி.வி.சதீஷ் அவர்களுக்குத் துணை நின்றார். கேமரா கோணங்களுக்கு அவர்கள் தங்கள் சொந்தப் பெயர் வைத்தார்கள். மேலிருந்து கீழே பார்த்தால் பட்டேல் ஷாட்: நிலக்கிழார் நம்மைப் பார்க்கிற பார்வை. கீழிருந்து அண்ணாந்து பார்த்தால் அடிமை ஷாட். கண்ணுக்கு நேர் கண்ணாக வைத்தால் சங்கம் ஷாட், சங்கத்தில் எல்லோரும் தரையில் சமமாக உட்காருவதால். எத்தனை திரைப்படக் கல்லூரிகள் இதைச் சொல்லித் தரும்? பிறகு அவர்கள் வாரங்கல் பருத்தி விவசாயிகளைப் பின்தொடர்ந்து பி.டி. பருத்தி பற்றிப் படம் எடுத்து, உலக மேடைகளில் காட்டினார்கள்.

இதற்கும் கேமரா வாங்குவதற்கும் என்ன சம்பந்தம் என்றால், சங்கம் ஷாட் எடுக்க மடக்கித் திருப்பும் திரை வேண்டும். 1992இல் ஷார்ப் நிறுவனத்தின் வியூகேம் வரும்வரை கேம்கார்டரில் ஒற்றைக் கண்ணைப் பதித்துத்தான் பார்க்க வேண்டும். எதிரே இருப்பவருக்கு நம் முகம் தெரியாது. ஏதோ ஒரு கருவிதான் தெரியும். திரை வெளியே வந்த பிறகு, பாட்டி எதிரில் தரையில் உட்கார்ந்து, கேமராவை நெஞ்சு மட்டத்தில் பிடித்துக்கொண்டு, அவர் கண்ணைப் பார்த்தே பேச முடிந்தது. பழைய கேம்கார்டரானாலும் திரை சுழல்கிறதா என்று முதலில் பாருங்கள்.

1995இல் மினி டிவி டேப் வந்து டிஜிட்டல் காலம் தொடங்கியது. டென்மார்க்கின் 'ஃபெஸ்டன்' உள்ளங்கையில் அடங்கும் ஒரு மினி டிவி கேமராவில் எடுக்கப்பட்டு 1998இல் கான் விழாவில் பரிசு பெற்றது. நம் மதுரையில் அமுதன் ஆர்.பி. 2003இல் எடுத்த 'பீ' படத்தில், மலம் அள்ளும் ஒரு பெண்ணின் பின்னாலேயே கேமரா நடக்கிறது. பார்ப்பவர் மூக்கைப் பொத்தாமல் பார்க்க முடியாது. ஹெச்டி இல்லாததால் இந்தப் படங்களுக்கு என்ன குறைந்துவிட்டது? ஹெச்டி 2003இல் அதே மினி டிவி டேப்பிலேயே ஹெச்டிவி என்ற பெயரில் வந்தது. 2007இல் கேனான் ஹெச்வி20 வந்தபோதுதான் சிறு கேமராவில் 24 பிரேம், மைக் ஜாக், ஹெட்போன் ஜாக் எல்லாம் ஒன்றாகக் கிடைத்தன. குறும்பட நண்பர்கள் அதை இன்றும் பாசத்தோடு பேசுவது அதனால்தான்.

அதன் பிறகு மலிவு என்ற பெயரில் வந்ததில் நிறைய ஏமாந்தோம். யூஎஸ்பி நீட்டும் ஃபிளிப் கேமரா சட்டைப்பையில் அடங்கியது. மைக் சொருக இடமில்லை. 2009இல் சிஸ்கோ நிறுவனம் அதை விலைக்கு வாங்கி, 2011இல் மூடியே விட்டது. 2008இல் வந்த கேனான் 5டி மார்க் 2 படம் சினிமா போலவே இருந்தது. ஆனால் ஒரு கிளிப் ஏறக்குறைய 12 நிமிடத்தில் நின்றுவிடும். தன் மகன் எப்படிச் செத்தான் என்று ஒரு தாய் சொல்லத் தொடங்கி, சொல்ல வேண்டிய இடத்துக்கு வந்து சேரவே இருபது நிமிடம் ஆகும். அந்த இடத்தில் "அம்மா, இன்னொரு தடவை சொல்லுங்க" என்று கேட்க யாருக்கு மனம் வரும்? நிற்காமல் ஓடும் கேம்கார்டர் அந்த வேலைக்கு எத்தனையோ மேல்.

டேப் போய் மெமரி கார்டு வந்ததில் நாங்கள் பறிகொடுத்த ஒன்றைச் சொல்ல வேண்டும். டேப் இருந்தவரை எடுத்தது எடுத்தபடி டப்பாவில் கிடக்கும். கார்டு அப்படி இல்லை. சில ஆண்டுகளுக்கு முன்பு ஒரு கிராமத்தில் மயானப் பாதையை மறித்து, பாடையை நடுவழியில் நிறுத்தியதை நான் எடுத்தேன். இரவே ஏழு நிமிடமாக வெட்டி நண்பர்களுக்கு அனுப்பினேன். காலையில் வேறொரு படப்பிடிப்பு, கார்டு ஒன்றுதான் இருந்தது, ஃபார்மேட் செய்தேன். மூன்று வாரம் கழித்து வழக்கறிஞர் கேட்டார்: "வெட்டினது வேண்டாம்பா, ஒரிஜினல் எங்க?" என்னிடம் பதில் இல்லை. இசை சேர்த்த அந்த ஏழு நிமிடத்தை வைத்து அவர் என்ன செய்வார்?

மின்னணுப் பதிவின் நகலைத் தாக்கல் செய்ய சான்றிதழ் கட்டாயம் என்று உச்ச நீதிமன்றம் 2014இல் சொன்னது. பழைய 65பி பிரிவு இப்போது புதிய சாட்சியச் சட்டத்தில் 63 ஆகியிருக்கிறது. மூலப் பதிவு இருக்கும் கருவியையே அதன் உரிமையாளர் கொண்டுவந்து நிரூபித்தால் அந்தச் சான்றிதழ் தேவையில்லை என்று 2020இல் அதே நீதிமன்றம் தெளிவுபடுத்தியது. ஆகவே ஒரு படி விலை குறைந்த கேமரா எடுங்கள், மிச்சக் காசில் கார்டுகளாக வாங்குங்கள். சம்பவம் பதிந்த கார்டை உறையில் போட்டு, தேதி எழுதி ஒட்டி வைத்துவிடுங்கள். அதன் மேல் இன்னொன்றைப் பதியாதீர்கள்.

இன்னொன்றும் தெரிந்துகொள்ளுங்கள். வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 2015 திருத்தத்தில் சேர்ந்த 15ஏ(10) பிரிவு, இந்தச் சட்டத்தின் கீழ் வரும் குற்றங்கள் தொடர்பான நடவடிக்கைகள் எல்லாம் வீடியோவில் பதிவாக வேண்டும் என்கிறது. அது அரசின் வேலை, நம் கேமராவின் வேலை இல்லை. ஆனாலும் அந்தப் பதிவை எழுத்து மூலம் கேட்கும் பழக்கம் நம்மிடம் இன்னும் வரவில்லை.

கையில் கைபேசி இருக்கும்போது கேம்கார்டர் எதற்கு என்று கேட்பவர்களுக்கும் என் பதில் ஒன்றுதான். மைக் சொருக முடிகிறதா, ஹெட்போனில் கேட்டுக்கொண்டே எடுக்க முடிகிறதா, அரை மணி நேரம் நிற்காமல் ஓடுகிறதா, மாற்று பேட்டரி போட முடிகிறதா, கார்டைக் கழற்றிப் பத்திரப்படுத்த முடிகிறதா? கைபேசியில் இதெல்லாம் முடிந்தால் அதுவே போதும். முடியாதென்றால் நான்கைந்து வருடப் பழைய ஹெச்டி கேம்கார்டர் ஒன்றை செகண்ட் ஹேண்டில் பாருங்கள். 4கே என்று பெட்டியில் எழுதியிருப்பதற்காகக் கூடுதல் காசு கொடுக்காதீர்கள்.

கடைக்குப் போகும்போது சொந்த ஹெட்போனையும் ஒரு காலர் மைக்கையும் எடுத்துப் போங்கள். கூட வந்த தோழரைக் கடை வாசலில் பஸ் சத்தத்துக்கு நடுவில் உட்காரவைத்து, பத்து நிமிடம் பேசவிட்டு எடுத்துப் பாருங்கள். பிறகு விளக்கை அணைக்கச் சொல்லி இன்னொரு ஐந்து நிமிடம். கடைக்காரர் முறைப்பார், பரவாயில்லை.