பாகமும் பரம்பரையும்

புதுக்கோட்டை மாவட்டத்தின் தென்பகுதியில், திருமெய்யத்தையும் பொன்னமராவதியையும் சூழ்ந்து, ராயவரம், கடியாபட்டி, அரிமளம், கோனாபட்டு, குழிபிறை, பனையப்பட்டி, நற்சாந்துபட்டி, ராங்கியம், விராச்சிலை, வலையப்பட்டி, மேலைச்சிவபுரி என்று அமைந்திருக்கும் நகரத்தார் ஊர்களுக்குள் முதன்முறையாக நுழைகிறவர்கள், வானம் பார்த்த செம்மண் பூமியில், மழை பொய்த்தால் வறண்டு போகும் கண்மாய்களுக்கு நடுவே, ஒரு தெருவில் வாசலும் மறு தெருவில் கொல்லையுமாக நீண்டு கிடக்கும் மாளிகைகளையும் பர்மாத் தேக்கினால் ஆன தூண்களையும் கண்டு, இவ்வளவு ஐசுவரியம் இந்த மண்ணில் எவ்வாறு விளைந்தது என்று வியப்பது இயல்பு. அது இந்த மண்ணில் விளைந்ததன்று. கடல் கடந்து ஈட்டியது. ஆயினும், ஈட்டிய கதையைக் காட்டிலும், ஈட்டிய தொழில் தந்தையிடமிருந்து மகனுக்கும் மகனிடமிருந்து பேரனுக்கும் எந்த ஏற்பாட்டினால் கைமாறி வந்தது என்பதே நம் சிந்தனைக்கு அதிகம் உரியது என்று நான் கருதுகிறேன்.

பதினேழாம் நூற்றாண்டில் பழனிக்கு உப்புப் பொதி கொண்டு சென்று, வியாபாரத்தோடு முருகன் வழிபாட்டையும் நடத்திய இச்சமூகத்தார், பத்தொன்பதாம் நூற்றாண்டில் இலங்கைக்கும் கல்கத்தாவுக்கும் சென்றனர். 1852-ஆம் ஆண்டு யுத்தத்தில் கீழ்ப் பர்மா ஆங்கிலேயர் வசமானதும், 1869-இல் சூயஸ் கால்வாய் திறந்ததும், ஐராவதி ஆற்று முகத்துவாரத்தின் நெல்லுக்கு உலகச் சந்தையைத் திறந்துவிட்டன. காட்டைத் திருத்தி நெல் பயிரிட்ட பர்மியக் குடியானவனுக்கு வேண்டிய முதல், பெரும்பாலும் செட்டியார் என்று அழைக்கப்பட்ட இவர்களுடைய வட்டிக்கடைகளிலிருந்தே சென்றது. 1930-ஐ ஒட்டிப் பர்மாவில் ஏறக்குறைய 1,650 கடைகள் இருந்தன என்றும், அவற்றில் புழங்கிய முதல் சுமார் 75 கோடி ரூபாய் என்றும் அந்நாளைய வங்கி விசாரணைக் குழு கணித்தது. புதுக்கோட்டைத் தொண்டைமான் சமஸ்தானத்துச் சிற்றூர்களில் பிறந்த பலர் அக்கடைகளில் முதலாளிகளாகவும் ஏஜெண்டுகளாகவும் பெட்டியடிப் பையன்களாகவும் இருந்தவர்களே.

ஒரு குடும்பத் தொழிலுக்கு வரும் ஆபத்துகளில் பெரியது பாகப்பிரிவினை. இந்து தர்ம சாஸ்திரப்படி மூதாதையர் சொத்தில் புதல்வர் அனைவருக்கும் சம உரிமை இருந்தமையால், மூன்று புதல்வரைப் பெற்றவனுடைய கடை அவனுக்குப் பின் மூன்றாகப் பிரிவதைத் தடுக்க எவராலும் இயலவில்லை. வேறு பல குடும்பங்கள் இந்தப் பிரிவைப் பற்றிப் பேசுவதே அமங்கலம் என்று ஒத்திப்போட்டு, மூத்தவர் கண்ணை மூடிய பிறகு நியாயஸ்தலத்தில் போய் நின்றன. நகரத்தாரோ பிரிவை இயற்கையென்று ஒப்புக்கொண்டு, அதற்கு இளமையிலேயே ஒத்திகை நடத்தினார்கள். 'வேறு வைத்தல்' என்று அவர்கள் வழங்கும் சம்பிரதாயம் அதுதான். மகனுக்குக் கலியாணம் ஆகிச் சிறிது காலம் சென்றதும், அதே வீட்டுக்குள் அவனுக்கும் அவன் மனைவிக்கும் தனி அறையும் தனி அடுப்பும் கொடுத்து, வருஷத்துக்கு இவ்வளவு நெல், இவ்வளவு பணம் என்று திட்டம் செய்து, அதற்குள் குடித்தனம் நடத்தும்படி விட்டுவிடுவார்கள். ஒரே கூரையின்கீழ் வாழ்ந்தும், தன் வரவையும் செலவையும் தானே எழுதிப் பார்க்கும் அந்த இளந்தம்பதிகள், பிற்காலத்தில் பாகம் பிரிக்கும் நாள் வரும்போது கலங்குவதற்கு ஏது இல்லாமல் வளர்ந்தார்கள்.

இந்த ஏற்பாட்டில் பெண்களின் ஸ்தானம் போற்றத்தக்கது. மணமகள் கொண்டுவந்த சீதனம் கணவனுடைய முதலோடு கலந்து மறைந்துவிடாமல், கடையில் அவள் பெயருக்குத் தனிப் பற்றுவரவாக வைக்கப்பட்டு, வட்டியோடு வளர்ந்தது. ஆச்சிமார் என்று வழங்கப்படும் அப்பெண்களுக்கு இவ்விதம் சேர்ந்த பணம் பல கடைகளுக்கு நம்பத்தகுந்த முதலாக இருந்தது. முதலாளி ஊரில் இல்லாத வருஷங்களில் குடும்பத்தின் நிர்வாகம் முழுவதும் அந்த ஆச்சிமார் கையிலேயே இருந்தது.

வாரிசுக்கு அளித்த பயிற்சியும் கவனிக்கத்தக்கது. எண்சுவடியை மனப்பாடம் செய்த சிறுவன், தந்தையின் செல்வத்தைக் கருதாமல், பெரும்பாலும் பிறர் கடையில் பெட்டியடியில் அமர்ந்தே தொழில் கற்கத் தொடங்கினான். கூட்டிப் பெருக்குவது முதல் குறிப்பு எழுதுவது, பேரேடு பதிவது, ஐந்தொகை எடுப்பது வரை படிப்படியாகக் கற்று, அடுத்தாளாகி, பின்பு மூன்று ஆண்டுத் தவணைக்குச் சம்பளச் சீட்டு எழுதிக்கொடுத்து ஏஜெண்டாகி, தவணை முடிந்ததும் கணக்கை ஒப்படைத்து ஊர் திரும்பினான். பிறருடைய பணத்துக்கு உத்தரவாதியாக நின்று பழகியவனுக்கே தன் பணத்தைக் காக்கும் பக்குவம் வரும் என்பது அவர்கள் நம்பிக்கை. மேலைச்சிவபுரியில் 1917-இல் பிறந்து, இளமையிலேயே பெற்றோரை இழந்து, இரங்கூன் கடையொன்றில் வேலைக்கு அமர்ந்த வ.சுப. மாணிக்கனார், வருமான வரி அதிகாரியிடம் பொய் சொல்லும்படி ஏவப்பட்டபோது மறுத்து வேலையை இழந்து ஊர் திரும்பிய வரலாறு தமிழறிஞர் பலரும் அறிந்தது. ஒரு கடையில் நெறி பிறழ்ந்தது என்பதை அது காட்டினாலும், அந்த வளர்ப்பில் சொல்லுக்கும் கணக்குக்கும் உண்மை வேண்டும் என்ற உணர்வு ஒரு சிறுவனிடம் எவ்வளவு ஆழமாக வேரூன்றியிருந்தது என்பதையும் அதுவே காட்டுகிறது. பிற்காலத்தில் அவர் மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தின் துணைவேந்தராகத் திகழ்ந்தார்.

பிரிக்கத்தக்கவற்றை இவ்வளவு ஒழுங்காகப் பிரித்தவர்கள், பிரிக்கலாகாதவை சிலவற்றையும் வகுத்து வைத்தார்கள். பாட்டன், தந்தை ஆகியோர் பெயர்களின் முதலெழுத்துகளால் ஆன விலாசம், பாகம் பிரிந்த பின்னும் கையெழுத்தில் தொடர்ந்து, அந்த எழுத்துகளைக் கண்டே உண்டியலுக்குப் பணம் கொடுக்கும் நாணயத்தைப் புதிய கடைக்கும் அளித்தது. லாபத்தில் தெய்வத்துக்கென்று ஒதுக்கிய மகமை எவருடைய பங்கிலும் சேரவில்லை. புத்திரன் இல்லாத வீட்டில் அதே கோவிலைச் சேர்ந்த பங்காளிகளுக்குள் ஒரு பிள்ளையைக் கூட்டிக்கொண்டு அந்தக் குடும்பம் அற்றுப்போகாமல் காத்தார்கள். முன்னோருக்குச் செய்யும் படைப்பில், கடையாலும் கணக்காலும் தனித்தனியான பங்காளிகள் யாவரும் ஒரே பந்தியில் அமர்ந்து உண்டார்கள்.

இத்தனை முன்னெச்சரிக்கையும் ஒரு பெருங்கேட்டின் முன் போதாமற் போயிற்று. 1930-ஐ அடுத்த உலகப் பொருளாதார மந்தத்தில் நெல் விலை வீழ்ந்து, கடன் வாங்கிய குடியானவர்கள் திருப்பித் தர இயலாமற் போகவே, ஈடாக வைத்த நிலங்கள் கடைகளுக்கு வந்து சேர்ந்தன. பர்மாவின் 13 முக்கிய நெல் மாவட்டங்களில் 1930-இல் நூற்றுக்கு 6 பங்காக இருந்த செட்டியார் வசமான நிலம், 1937-இல் 25 பங்காயிற்று. தன் வயலை இழந்த பர்மியக் குடியானவனின் துயரம் நியாயமானது. அவன் நெஞ்சில் மூண்ட கோபமும் நாம் புரிந்துகொள்ள வேண்டியது. நாடு விட்டு நாடு பெயரக்கூடிய பணமாக இருந்தவரை காப்பாற்றத்தக்கதாயிருந்த செல்வம், பெயராத நிலமாக மாறியதும் 1942-இல் ஜப்பானியர் படையெடுப்புக்கும், பர்மா சுதந்திரம் பெற்ற 1948-இல் வந்த நில தேசியமயச் சட்டத்துக்கும் இரையாயிற்று. பல தலைமுறை எழுதிய பேரேடுகளில் வரவுக்கு வராத பாக்கியே மிஞ்சியது.

அவ்வளவு பெரிய நஷ்டத்துக்குப் பின்னும் அச்சமூகம் தளர்ந்துவிடாமல் வங்கி, பஞ்சாலை, கல்வி என்று புதிய துறைகளில் தலையெடுத்ததற்குக் காரணம், மூதாதையர் விட்டுச்சென்ற முதல் மாத்திரம் அன்று. அதைவிட முக்கியமாக, கணக்கெழுதும் பழக்கமும், பிறர்கீழ் இருந்து கற்ற அடக்கமும், பிரிவைப் பகையாக்காத மனப்பக்குவமும் அவர்களிடம் அழியாமல் இருந்தமையே. இன்று புதுக்கோட்டைக் கடைவீதிகளில் தந்தையும் மக்களும் சேர்ந்து தொழில் நடத்தும் குடும்பங்கள் பல உண்டு. அவை எந்தக் குலத்தைச் சேர்ந்தவையாயினும், இந்த ஊர்களின் வரலாற்றிலிருந்து கொள்ளத்தக்க பாடம் ஒன்று உண்டு: பாகத்தைப் பற்றிய பேச்சை அன்பு நிறைந்திருக்கும் காலத்திலேயே பேசி, எழுதி, மக்களை அதற்குப் பழக்கிவிடும் குடும்பத்தில், கடை பலவாகப் பெருகினாலும் உறவு ஒன்றாகவே நிற்கும்; உறவு நிற்கும் வரையில், ஒரு கடை நொடித்தாலும் மற்றொன்றை எழுப்பக் கைகள் இருக்கும்.