செண்டுமல்லி வந்த வழி

ஆயுத பூஜையன்று முழம் முழமாக வாங்கி வண்டிக்குக் கட்டுகிறோமே, அந்தச் செண்டுமல்லியின் தாய்வீடு மெக்சிகோ. ஆஸ்டெக் மக்கள் தங்கள் நாவாட்ல் மொழியில் அதற்கு 'இருபது பூ' என்று பெயர் வைத்திருந்தார்கள். இன்றும் அங்கே நவம்பர் தொடக்கத்தில் வரும் இறந்தோர் நாளில் கல்லறையெல்லாம் இந்தப் பூதான்.

16ஆம் நூற்றாண்டில் ஸ்பானியர் விதையைக் கடல் கடத்தினார்கள். வட ஆப்பிரிக்கக் கரையில் அது காடாக மண்டிக் கிடந்ததைப் பார்த்த ஐரோப்பியர், அந்த மண்ணின் பூ என்றே நம்பிவிட்டார்கள். விதைப் பொட்டலங்களில் 'ஆப்பிரிக்கன் மேரிகோல்டு' என்று இன்னும் அச்சிடுவது அதனால்தான். போர்த்துக்கீசியர் வழியாக இந்தியா வந்ததாகச் சொல்வார்கள். நம்மவர்கள் துலுக்க சாமந்தி என்றார்கள். இந்த இரண்டு பெயரிலும் பிறந்த ஊர் இல்லை.

பூவைத்தான் எல்லோரும் கொண்டாடினார்கள். அதன் பெரிய வேலை மண்ணுக்குள் நடக்கிறது. என் மாடித் தோட்டத்தில் பையில் வைத்த ஒரு கத்தரிச் செடி தண்ணீர் இருந்தும் உச்சி வெயிலில் துவண்டுகொண்டே இருந்தது. பிடுங்கிப் பார்த்தால் வேரெல்லாம் முடிச்சு. வேர்முடிச்சு நூற்புழு. கண்ணுக்குத் தெரியாத அந்தப் புழு பை மண்ணில் புகுந்துவிட்டால் அடுத்தடுத்து வைக்கும் தக்காளியையும் வெண்டையையும் விடாது. செண்டுமல்லி வேரில் அதற்கு நஞ்சு இருக்கிறது. ஆல்ஃபா டெர்தியனில் என்ற அந்தப் பொருளை 1958-ல் நெதர்லாந்து ஆய்வாளர்கள் அடையாளம் கண்டார்கள். உயிருள்ள வேரில்தான் அதற்கு வேகம். பக்கத்துத் தொட்டியில் பூத்து நிற்கும் செண்டுமல்லியால் இந்தத் தொட்டியின் நூற்புழுவுக்கு ஒன்றும் ஆகாது.

தக்காளி வயலில் அதற்கு வேறு வேலை. பெங்களூரு இந்தியத் தோட்டக்கலை ஆராய்ச்சி நிறுவனம் 16 வரிசைத் தக்காளிக்கு ஒரு வரிசை செண்டுமல்லி நடச் சொன்னது. காய்ப்புழுவின் தாய் அந்துப்பூச்சி செண்டுமல்லிப் பூவைத் தேடி முட்டையிடும். தக்காளி நாற்று 25 நாள், செண்டுமல்லி நாற்று 40 நாள் என்று வயது பார்த்து நட்டால் இரண்டும் ஒரே சமயத்தில் பூக்கும். மாடியிலும் இதைச் செய்யலாம், ஆனால் புழு ஏறிய பூவைக் கிள்ளி அழிக்க வேண்டும். விட்டுவைத்தால் நாமே புழு வளர்த்ததாகிவிடும்.

வெள்ளை ஈக்குக் குட்டையாக வளரும் செண்டுமல்லி இனம். இங்கிலாந்தின் நியூகாஸில் பல்கலைக்கழகத்தார் 2019-ல் வெளியிட்ட ஆய்வில், அது காற்றில் விடும் லிமோனீன் கண்ணாடிக் குடிலில் தக்காளியை அண்டும் ஈயின் பெருக்கத்தை மட்டுப்படுத்தியது. தொடக்கத்திலேயே நட்டால்தான் நல்ல பலன். ஈ பெருகிய பிறகு கொண்டுவந்து வைத்தால் அந்த அளவுக்கு இல்லை.

எல்லாப் பூச்சிக்கும் இதுவே மருந்து என்பதை நான் ஏற்கமாட்டேன். கோடையில் சிவப்புச் சிலந்திப்பேன் செண்டுமல்லியையே முதலில் பிடிக்கும். இலையின் அடிப்பக்கத்தைப் பார்த்துக்கொண்டே இருங்கள்.

முடிச்சு விழுந்த வேரைப் பிடுங்கிய பையை ஓய்வாகக் கிடக்க விடாதீர்கள். அதில் நெருக்கமாகச் செண்டுமல்லி நட்டு இரண்டு மூன்று மாதம் வளர விடுங்கள். பூவைச் சாமிக்குப் பறித்துக்கொள்ளுங்கள். அதன் பிறகு அதே மண்ணில் தக்காளி வையுங்கள்.