தன்பாலினத் துணையரின் தத்தெடுப்பு உரிமை (இந்தியா)

இந்தியாவில் தன்பாலினத் துணையர் இருவர் சேர்ந்து ஒரு குழந்தையைத் தத்தெடுக்கச் சட்டத்தில் இடமில்லை. அவர்களில் ஒருவர் தனிநபராகத் தத்தெடுப்பதை எந்தச் சட்டமும் பெயர் சொல்லித் தடுக்கவில்லை. தடை இருப்பது இரண்டாவது பெயருக்குத்தான். இருவர் வளர்க்கும் குழந்தைக்குக் காகிதத்தில் ஒரே ஒரு பெற்றோர் மட்டுமே இருக்க முடியும்.

இந்தத் தடைக்கு இரண்டு வேர்கள் உண்டு. இந்து, பௌத்த, சமண, சீக்கியருக்கான 1956ஆம் ஆண்டின் தத்தெடுப்பு மற்றும் பராமரிப்புச் சட்டம், ஒரே குழந்தையை ஒரே நேரத்தில் இருவர் தத்தெடுக்கலாகாது என்று 11ஆம் பிரிவில் சொல்கிறது. அப்படியானால் கணவனும் மனைவியும் எப்படி இருவருமே பெற்றோர் ஆகிறார்கள்? அதற்கு 14ஆம் பிரிவு இருக்கிறது. மனைவி உள்ள ஆண் தத்தெடுத்தால் அவளே வளர்ப்புத் தாய். அதாவது இரண்டாவது பெற்றோர் உருவாவது திருமண உறவின் வழியாக. திருமணம் அங்கீகரிக்கப்படாதவருக்கு அந்த வழி திறப்பதில்லை.

மற்றது 2015ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டம். எல்லா மதத்தவருக்கும் பொதுவான இச்சட்டத்தின் 57ஆம் பிரிவின்படி மணமாகாதவரும் மணமுறிவு பெற்றவரும் தத்தெடுக்கலாம். தனி ஆணுக்குப் பெண் குழந்தையைத் தரக்கூடாது என்பது ஒரு விதிவிலக்கு. விண்ணப்பங்களைக் கையாள்வது மத்தியத் தத்தெடுப்பு வள ஆணையமான ‘காரா’. சமூகப் பணியாளர் வீட்டுக்கு வந்து ஆய்வு செய்து அறிக்கை எழுதுவார். நீதிமன்றம் பிறப்பித்துவந்த தத்தெடுப்பு ஆணையை 2022 செப்டம்பர் முதல் மாவட்ட ஆட்சியர் பிறப்பிக்கிறார். 2022இன் தத்தெடுப்பு ஒழுங்குமுறைகளில் 5(3)ஆம் விதி, குறைந்தது இரண்டு ஆண்டு நிலையான மணவாழ்க்கை இல்லாத இணையருக்குக் குழந்தையைத் தரக்கூடாது என்கிறது. அதே ஆண்டு ஜூன் 16ஆம் நாள் காரா விடுத்த சுற்றறிக்கை இன்னும் ஒரு படி மேலே போனது. மணம் செய்யாமல் துணையுடன் வாழும் ஒருவர், தனிநபராக விண்ணப்பித்தாலும் தகுதியற்றவர் ஆனார். ஆய்வுக்கு வருபவரிடம் துணையை மறைத்தாக வேண்டிய நிலைக்குத்தான் இது ஒருவரைத் தள்ளும். குழந்தை வரப்போகும் வீட்டில் முதல் காரியமே பொய்யாக இருப்பது அந்தக் குழந்தைக்கு எந்த நன்மையையும் செய்யாது.

ஒற்றைப் பெயரின் விளைவுகள் அன்றாடத்தில் தெரிகின்றன. அறுவைச் சிகிச்சைக்கு ஒப்புதல் கேட்கும் மருத்துவமனைக்குப் பெயர் இல்லாத துணை வெளியாள். சட்டப் பெற்றோர் இறந்தால், குழந்தையை வளர்த்த மற்றவர் 1890ஆம் ஆண்டின் பாதுகாவலர் சட்டத்தின் கீழ் நீதிமன்றம் போக வேண்டும். இறந்தவரின் உறவினரும் போட்டிக்கு வரலாம். உயிலில் துணையைப் பாதுகாவலராகக் குறித்து வைப்பது ஓரளவு காப்பு, ஆனால் எழுதியவர் உயிரோடு இருக்கும்வரை உயிலுக்குப் பலம் கிடையாது. துணையின் சொத்தில் குழந்தைக்கு வாரிசுரிமையும் இல்லை. இருவரும் பிரிந்தால் குழந்தையைப் பார்க்கும் உரிமை ஒருபுறமும் பராமரிப்புத் தொகை தரும் கடமை மறுபுறமும் ஒன்றாகவே இல்லாமல் போகின்றன.

தன்பாலினத் திருமணத்துக்கு அங்கீகாரம் கோரிய ‘சுப்ரியோ எதிர் இந்திய ஒன்றியம்’ வழக்கில் இந்தத் தத்தெடுப்புத் தடையும் உச்ச நீதிமன்றத்தில் கேள்விக்குள்ளானது. 2023 அக்டோபர் 17ஆம் நாள் ஐந்து நீதிபதிகள் தீர்ப்பளித்தனர். திருமணம் அடிப்படை உரிமை அன்று என்பதில் ஐவரும் ஒன்றுபட்டனர். தத்தெடுப்பில் மூவர், இருவர் எனப் பிரிந்தனர். தலைமை நீதிபதி டி.ஒய். சந்திரசூட்டும் சஞ்சய் கிஷன் கவுலும் 5(3)ஆம் விதி தன் தாய்ச்சட்டமான இளைஞர் நீதிச் சட்டத்தை மீறுகிறது, சமத்துவ உரிமையையும் மீறுகிறது என்றனர். மணமான ஆணும் பெண்ணும் மட்டுமே குழந்தைக்கு நிலையான வாழ்வு தர முடியும் என்பதற்கு நீதிமன்றத்தின் முன் எந்தச் சான்றும் வைக்கப்படவில்லை என்பது சந்திரசூட்டின் வாதம். எஸ். ரவீந்திர பட், ஹிமா கோலி, பி.எஸ். நரசிம்மா ஆகிய மூவரும் விதியை நிலைநிறுத்தினர். மணமாகாதவர் நல்ல பெற்றோராக முடியாது என்று பட் சொல்லவில்லை. உறவு முறிந்தால் குழந்தைக்குக் காப்பாக நிற்பது திருமணச் சட்டங்களே, அவை எட்டாத இடத்தில் குழந்தையை விடக்கூடாது என்பதே அவர் கவலை.

கவலை நியாயமானது. ஆனால் அவர் அஞ்சிய நிலையில்தான் ஒற்றைப் பெயரோடு வளரும் குழந்தை ஏற்கெனவே நிற்கிறது. விதியைக் காப்பாற்றியதால் அத்தகைய வீடுகள் இல்லாமல் போகவில்லை. அவற்றிலுள்ள குழந்தைக்குக் கிடைத்திருக்கக்கூடிய இரண்டாவது கைதான் விலக்கப்பட்டது. தனிநபராகத் தத்தெடுத்துப் பின் துணையோடு வாழ்வோரின் குழந்தைகளுக்கு முழுப் பயன்களும் கிடைக்க அரசு வழிசெய்ய வேண்டும் என்று பட்டே எழுதினார். தீர்ப்பை மறுபரிசீலனை செய்யக் கோரிய மனுக்கள் 2025 ஜனவரி 9ஆம் நாள் தள்ளுபடியாயின.

வாடகைத்தாய் வழியும் அடைபட்டதே. 2021ஆம் ஆண்டுச் சட்டம் அதை மணமான ஆண், பெண் இணையருக்கும், 35 முதல் 45 வயதுக்குட்பட்ட கைம்பெண், மணமுறிவு பெற்ற பெண் ஆகியோருக்கும் மட்டும் அனுமதிக்கிறது. ஆனால் ஆசியாவிலேயே தைவான் 2023இல் தன்பாலினத் தம்பதியருக்குக் கூட்டுத் தத்தெடுப்பை அனுமதித்தது. தாய்லாந்தில் 2025 ஜனவரி 23இல் நடைமுறைக்கு வந்த தன்பாலினத் திருமணச் சட்டத்தோடு அந்த உரிமையும் சேர்ந்தே வந்தது.

தமிழ்நாட்டில் தன்பாலின உறவுகளைப் பற்றிய சட்டப் பேச்சு சென்னை உயர் நீதிமன்றத்தில்தான் வளர்ந்தது. துணையர் தங்கள் குடும்ப உறவைப் பத்திரமாகப் பதிவு செய்துகொள்ள ஓர் ஏற்பாட்டை அரசு பரிசீலிக்கலாம் என்று நீதிபதி என். ஆனந்த் வெங்கடேஷ் 2023 நவம்பரில் கூறினார். திருமணம் ஒன்றே குடும்பத்துக்கு அடிப்படை ஆகாது, தேர்ந்துகொண்ட குடும்பமும் குடும்பமே என்று நீதிபதிகள் ஜி.ஆர். சுவாமிநாதன், வி. லட்சுமிநாராயணன் அமர்வு 2025 மே மாதம் ஏற்றுக்கொண்டது. இவை எவையும் பெற்றோர் உரிமையைத் தொடவில்லை.

சுப்ரியோ வழக்கில் ஒன்றிய அரசு ஒப்புக்கொண்டபடி அமைச்சரவைச் செயலர் தலைமையில் ஒரு குழு 2024 ஏப்ரலில் அமைந்தது. அதன் பின் வந்த அறிவிப்புகளின்படி தன்பாலினத் துணையரை ரேஷன் அட்டைக்கு ஒரே குடும்பமாகக் கொள்ளலாம், அவர்கள் கூட்டு வங்கிக் கணக்குத் தொடங்கலாம். குழந்தையின் தத்தெடுப்பு ஆணையில் மட்டும் அவர்கள் இருவரின் பெயரும் சேர்ந்து வர முடியாது.