பெட்டியில் எழுதியிருக்கும் வேகம்: தரங்கம்பாடி முதல் தலவில வரை

மார்ச்சிலயும் ஆகஸ்ட்டிலயும் தலவிலக்குப் போனவங்களுக்குத் தெரியும். மற்ற நாட்களில் ஓரளவு அமைதியா இருக்கிற அந்தக் கடற்கரை, அன்னம்மாள் திருவிழாவுக்குக் கூடாரங்களால் நிறைஞ்சிடும். அப்படியான ஊரில சின்னதா ஒரு கொமினிகேஷன் போட நினைக்கிற பிள்ளை எந்த பிரிண்டரை வாங்குவது? பெட்டியில் பெரிசா எழுதியிருக்கிற வேகத்தைப் பார்த்தா? இதற்கு 300 வருஷம் பழைய பதில் ஒன்று இருக்கு.

தலவிலக்கு எதிர்க்கரை முத்துக்குளித்துறை. அந்தக் கரை மக்களுக்காக ஹென்றிக்கே ஹென்றிக்கஸ் பாதிரியார் 1586 இல் புனிதர் வரலாறுகளைத் தமிழில் அச்சிட்டார். அந்தக் காலக் கை அச்சு இயந்திரத்தில் இரண்டு பேர் மாடாய் உழைத்தாலும் மணிக்குச் சுமார் 250 தாள்தான், அதுவும் ஒரு பக்கம் மட்டும்.

1713 இல் ஜெர்மனியின் ஹாலே நகரிலிருந்து தரங்கம்பாடிக்குத் தமிழ் எழுத்துகள் வந்தன. இயந்திரம் இருந்தது, ஆள் இருந்தது. ஆனால் எழுத்து பெரிசு. புதிய ஏற்பாட்டை முடிக்கக் கடதாசி காணாது. சீகன்பால்க் குழுவினர் என்ன செய்தார்கள்? சீஸ் டப்பாக்களின் ஈய மூடியை உருக்கிச் சின்ன எழுத்து வார்த்தார்கள். 1715 இல் நூல் முடிந்தது. அவங்களுக்குக் குறைவாய் இருந்தது வேகம் இல்லை, தாள்.

வேகம் தேவைப்பட்டது வேற இடத்தில். 1814 நவம்பர் 29 அன்று லண்டன் 'டைம்ஸ்' பத்திரிகை கோனிக்கின் நீராவி இயந்திரத்தில் அச்சாச்சு, மணிக்கு 1,100 தாள். தினமும் விடியுமுன் முடிக்கணும், அதனால அது அவங்களுக்குச் சரி. இன்றைக்கு நிமிடத்துக்கு 20 பக்கம் அடிக்கிற மேசை லேசர் பிரிண்டர் மணிக்கு 1,200 பக்கம் தரும். தாளின் அளவு சின்னதுதான், ஆனாலும் யோசிச்சுப் பாருங்க!

ஆனா அந்த 20 எப்போதும் 20 இல்லை. முதல் பக்கம் வெளியே வர எடுக்கிற நேரம் அந்தக் கணக்கில் சேராது. ஒருத்தர் வந்து ஒரேயொரு விண்ணப்பப் படிவம் கேட்டால், காத்திருக்கப்போவது அந்த முதல் பக்கத்துக்குத்தான். சில இங்க் பிரிண்டர்களின் பெட்டியில் 33 என்று பெரிசா இருக்கும். அது மங்கலான 'டிராஃப்ட்' வேகம். ஐஎஸ்ஓ 24734 முறைப்படி அளந்தால் 10 அளவில் நிற்கும். ஆகவே பெரிய எண்ணை விட்டிட்டு ஐஎஸ்ஓ எண்ணைத் தேடுங்க. இரண்டு பக்கமும் அடித்தால் வேகம் இன்னும் குறையும்.

அடுத்தது, மாதம் எத்தனை பக்கம்? திருவிழாவுக்குச் செபத்தாள், மற்ற மாதம் டியூஷன் பிள்ளைகளின் டியூட் என்றால் கறுப்பு லேசர் போதும். டோனர் பவுடர், சும்மா கிடந்தாலும் காயாது. இங்க் பிரிண்டரை வாரக்கணக்கில் தொடாமல் விட்டால் அதன் நுண்துளைகள் அடைச்சிடும். தினமும் கலர் வேலை இருந்தால் மட்டும் இங்க் டாங்க் இலாபம். ஒன்றை மறக்காதீங்க: லேசர் சூடாகும்போது கரண்டை நிறைய இழுக்கும், சின்ன யூபிஎஸ் தாங்காது. கடல் காற்றில் ஈரம் பிடிச்ச தாள் எந்த மெஷினிலும் சிக்கும், கட்டை மூடி வையுங்க.

2022 மார்ச்சில் என்ன நடந்தது? கடதாசி இல்லாமல் மேல் மாகாணத்தில் தவணைப் பரீட்சைகள் தள்ளிப் போச்சு. 'த ஐலண்ட்', 'திவயின' பத்திரிகைகள் சனிக்கிழமை அச்சுப் பதிப்பை நிறுத்தின. வேகமான இயந்திரங்கள் தாளில்லாமல் நின்றன. தரங்கம்பாடியின் பிரச்சினைதான், 300 வருஷம் கழிச்சு.

அதனால கடைக்குப் போக முதல் ஒரு கொப்பியில் ஒரு மாதக் கணக்கை எழுதுங்க: எத்தனை பக்கம், எத்தனை கலர், ஒரு பக்கத்துக்கு மையும் தாளும் எவ்வளவு. வேகத்தைக் கடைசியாப் பாருங்க.